சுனாமி நினைவு நாளில் தொண்டு செய்ய விரும்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.28 மணியளவில் சுமத்ரா தீவின் வடமேற்கே கடலுக்கு அடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் அலைகள், இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்துத்தான் தமிழகக் கரையைத் தொட்டன. இந்தியப் பெருங்கடலில் அன்று எச்சரிக்கை அமைப்பு எதுவும் இல்லாததால், அந்த இரண்டு மணி நேரமும் யாருக்கும் பயன்படாமல் கழிந்தது. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் இறந்தனர். அவர்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், வேளாங்கண்ணி, தேவனாம்பட்டினம், குளச்சல் என்று அன்று செய்திகளில் படித்த பெயர்கள் ஒவ்வொன்றும் இன்றும் மக்கள் வாழும் ஊர்கள்.

ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் உறவினர்கள் கடலில் பால் ஊற்றுகிறார்கள், மலர் தூவுகிறார்கள், நினைவுத் தூண்களில் மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். மீனவர்கள் பலர் அன்று கடலுக்குப் போவதில்லை. அந்தச் சடங்குகள் அவர்களுக்கு உரியவை. அந்த இழப்பில் நேரடி உறவு இல்லாத, ஆனாலும் இறந்தவர்களுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று மனதார விரும்பும் கல்லூரி மாணவர்கள், இளைஞர் மன்றத்தினர், அலுவலகத் தோழர்கள், வெளியூர்வாழ் கடலோர மக்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். என் கருத்து ஒன்றே: அவர்கள் எதனால் இறந்தார்களோ அந்தக் காரணங்களிலிருந்து நம் தொண்டு தொடங்க வேண்டும். அப்போதுதான் அது அவர்களுக்குச் செய்யும் மரியாதையாகும்.

முதல் படி: எப்படி இறந்தார்கள் என்று கற்றுக்கொள்ளுங்கள்

பணியைத் தேர்வு செய்வதற்கு முன் குழுவினர் அனைவரும் ஒன்றாக அமர்ந்து படிக்க வேண்டிய பாடம் இது. கடல் திடீரென உள்வாங்கியபோது, அது ஆபத்தின் அறிகுறி என்று தெரியாமல், வெளிப்பட்ட மணற்பரப்பில் இறங்கி வேடிக்கை பார்த்தவர்கள் பலர். முதல் அலை வடிந்ததும் பிள்ளைகளைத் தேடியும் வீட்டுப் பொருட்களை எடுக்கவும் திரும்பி வந்து, அடுத்த அலையில் சிக்கியவர்களும் பலர். இறந்தவர்களில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் அதிகம். கடலூர் மாவட்டத்தில் 391 பெண்களும் 146 ஆண்களும் இறந்ததாக, 2005 மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு வெளியிட்ட அறிக்கை பதிவு செய்திருக்கிறது. ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள், அங்கே அலையின் உயரம் உணரப்படவே இல்லை. பெண்களோ பிடித்து வரும் மீனை வாங்கக் கரையில் காத்திருந்தார்கள், அல்லது குழந்தைகளோடு வீட்டில் இருந்தார்கள். நீச்சல் தெரிந்த பெண்கள் மிகக் குறைவாக இருந்ததும், கையில் குழந்தையோடு ஓட வேண்டியிருந்ததும் அந்த எண்ணிக்கையின் பின்னால் இருக்கும் உண்மைகள்.

உயிர் பிழைத்த ஊர்களின் கதையையும் சேர்த்தே படியுங்கள். புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த ஒருவர், சிங்கப்பூரில் தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். அங்கிருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிப்பு போனது, மக்கள் கரையை விட்டு வெளியேறினார்கள். நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த இந்தோனேசியாவின் சிமுலு தீவில் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே. 1907ஆம் ஆண்டு அங்கே வந்த பேரலையை அத்தீவினர் ‘ஸ்மோங்’ என்ற பெயரில் கதையாகவும் தாலாட்டாகவும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக அதிர்ந்து கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பது குழந்தைகளுக்கும் தெரிந்திருந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களின் நினைவு ஒரு தீவையே காப்பாற்றியது. நினைவுகூர்தலும் தொண்டும் வெவ்வேறு வேலைகள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டாம் படி: ஊரைக் கேளுங்கள்

டிசம்பரில் வேலை செய்ய வேண்டுமென்றால் ஆகஸ்டிலேயே ஊருக்குப் போய்ப் பேச வேண்டும். கடலோர மீனவ கிராமங்களில் பொது முடிவுகளை எடுப்பது பெரும்பாலும் ஊர்ப் பஞ்சாயத்தார்தான். தேர்தல் மூலம் வரும் ஊராட்சித் தலைவர் இருந்தாலும், ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்க்காமல் கரையில் எந்தப் பணியையும் தொடங்கக் கூடாது. கன்னியாகுமரி மாவட்டக் கத்தோலிக்க ஊர்களில் பங்குத்தந்தையையும் பங்குப் பேரவையையும், இஸ்லாமியர் வாழும் பகுதிகளில் ஜமாத்தையும் அதேபோல முதலில் சந்திக்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தனியே சந்தியுங்கள். பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஆண்கள் மட்டுமே பேசும் ஊர்கள் இன்னும் உண்டு, பெண்களின் தேவை அங்கே எழுவதே இல்லை.

முதல் சந்திப்பில் திட்டத்தோடு போகாதீர்கள். “இந்த ஆண்டு நினைவு நாளை ஊர் எப்படி நடத்துகிறது, எங்களால் எதில் கை கொடுக்க முடியும்” என்று கேட்டுவிட்டு, சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதையும் மதித்து, வேறு ஊரையோ வேறு வேலையையோ தேடுங்கள். சுனாமிக்குப் பிறகான ஆண்டுகளில் இந்த மக்கள் எண்ணற்ற குழுக்களையும் கணக்கெடுப்புகளையும் வாக்குறுதிகளையும் பார்த்தவர்கள். அவர்களின் தயக்கத்துக்கு நியாயம் இருக்கிறது.

இறந்தவர்களின் குடும்பத்தார் அன்று காலை முழுவதும் துக்கத்தில் இருப்பார்கள் என்பதால், உழைப்பு சார்ந்த பணிகளை டிசம்பர் 26 அன்று காலையில் வைக்கவே வேண்டாம். அதற்கு முந்தைய வாரமும் அடுத்த ஜனவரியும் ஏற்றவை.

மூன்றாம் படி: பணியைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே குழு செய்ய முயல வேண்டாம். கீழே சொல்பவற்றில் ஒன்றை எடுத்துச் சில ஆண்டுகள் தொடர்ந்து செய்வதே நல்லது. ஒன்றை மட்டும் பரிந்துரைக்கச் சொன்னால், முன்னெச்சரிக்கைக் கல்வியையும் வெளியேறும் ஒத்திகையையும்தான் சொல்வேன்.

2004க்குப் பிறகு பிறந்தவர்கள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள், சிலர் படகேறுகிறார்கள். அவர்களுக்கு அந்த நாள் பெரியவர்கள் சொல்லும் கதை மட்டுமே. ஹைதராபாத்தில் இயங்கும் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 முதல் செயல்படுகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் பெரிய நிலநடுக்கம் வந்தபோது எச்சரிக்கை வெளியாகி, ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் திரும்பப் பெறப்பட்டது. ஆகவே எச்சரிக்கை இன்று கடலோர மாவட்டங்களை வந்தடையும் என்று எதிர்பார்க்கலாம். மாவட்டத் தலைநகரத்திலிருந்து கடைசித் தெருவின் கடைசி வீட்டுக்கு அது போய்ச் சேருகிறதா, சேர்ந்தால் அந்த வீட்டில் உள்ளவர் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று அறிவாரா என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. தன்னார்வலர்கள் நிரப்ப வேண்டிய இடம் இதுதான்.

ஊர் இளைஞர்கள் இருவரையும் பெண்கள் இருவரையும் சேர்த்துக்கொண்டு, கரையோரத் தெருக்கள் ஒவ்வொன்றிலும் நடந்து ஓர் எளிய வரைபடம் தயாரியுங்கள். பல்நோக்குப் பேரிடர் பாதுகாப்பு மையம், மாடியுள்ள பள்ளிக் கட்டடம், உள்நாட்டை நோக்கிச் செல்லும் சாலை, வழியில் உள்ள பாலம், வேலி, பூட்டியிருக்கும் வாயில் என அனைத்தையும் குறியுங்கள். நாகப்பட்டினம் போன்ற தட்டையான நிலத்தில் மேடு என்பதே அரிது என்பதால், உறுதியான கான்கிரீட் மாடி எங்கே இருக்கிறது என்பது உயிர்க் கேள்வியாகிறது. பிறகு ஒவ்வொரு தெருவின் கடைசி வீட்டிலிருந்தும் பாதுகாப்பான இடத்துக்கு ஒரு முதியவரின் வேகத்தில் நடந்து நேரத்தைக் குறியுங்கள். இளைஞரின் வேகத்தில் எடுத்த கணக்கு யாரையும் காப்பாற்றாது. படுக்கையில் இருப்பவர், கண் தெரியாதவர், நிறைமாதக் கர்ப்பிணி, கைக்குழந்தை உள்ள வீடு ஆகியவற்றைத் தனியே எழுதி, அவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பை அதே தெருவில் பெயர் சொல்லி இருவரிடம் ஒப்படையுங்கள். ஒருவர் கடலில் இருந்தாலும் மற்றவர் கரையில் இருப்பார்.

ஒத்திகை நடத்துவதற்கு முன் வட்டாட்சியர் அலுவலகம், காவல் நிலையம், கிராம நிர்வாக அலுவலர், பள்ளித் தலைமையாசிரியர் ஆகியோருக்கு எழுத்தில் தெரிவித்து அனுமதி பெறுங்கள். முந்தைய நாளும் அன்று காலையும் ஒலிபெருக்கியில் “இது ஒத்திகை” என்று அறிவிக்கச் செய்யுங்கள். 2004 டிசம்பர் 30 அன்று மீண்டும் அலை வருகிறது என்ற எச்சரிக்கை பரவி, பிணங்களை அடக்கம் செய்துகொண்டிருந்த மக்கள் அலறி ஓடியதை இன்றும் பலர் மறக்கவில்லை. முன்னறிவிப்பில்லாத ஒத்திகை அவர்களுக்குச் செய்யும் கொடுமையாகிவிடும். நினைவு நாளன்றே ஒத்திகை வைப்பதையும் தவிர்த்து, உலக சுனாமி விழிப்புணர்வு நாளான நவம்பர் 5ஐ ஒட்டி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் வானிலையைப் பார்த்து நாளை முடிவு செய்யுங்கள். ஒடிசாவின் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி ஆகிய இரு சிற்றூர்கள் இத்தகைய தயார்நிலைக்காக 2020இல் யுனெஸ்கோவின் அங்கீகாரத்தைப் பெற்றன. நம் ஊர்களும் அதே பாதையில் போக முடியும்.

பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியவை மூன்றே செய்திகள்: நிலம் வெகுநேரம் அதிர்ந்தாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, பெரும் இரைச்சல் கேட்டாலோ, யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் கரையை விட்டு விலக வேண்டும், முதல் அலையோடு முடிந்துவிட்டது என்று எண்ணித் திரும்பக் கூடாது, அதிகாரிகள் சொன்ன பிறகே வீடு திரும்ப வேண்டும். 2004இல் சுமத்ராவின் அதிர்வு நம் கரையில் பலருக்கு உணரப்படவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதிர்வு இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, கடலோரக் காவல்படையின் 1554 ஆகிய எண்களைப் பள்ளிச் சுவரிலும் மீன் ஏலக் கூடத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

இதோடு இணைத்துச் செய்யத்தக்கது பெண்களுக்கும் சிறுமிகளுக்குமான நீச்சல் பயிற்சி. பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் உள்ள நீச்சல் குளத்தில், பெண் பயிற்றுநரைக் கொண்டு, கோடை விடுமுறையில் நடத்துங்கள். பருவமழைக் காலக் கடலில் இதை ஒருபோதும் முயல வேண்டாம்.

அடுத்தது கடலோரப் பசுமை. வேதாரண்யம் அருகே உள்ள நாலுவேதபதி கிராமத்தினர் 2002இல் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டுக் கின்னஸ் சாதனை செய்தார்கள். இரண்டே ஆண்டுகளில் வந்த பேரலையின் வேகத்தை அந்த மரங்கள் தணித்தன. பிச்சாவரத்தின் அலையாத்திக் காடுகளும் தமக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு ஓரளவு காப்பாக இருந்தன. இந்த உதாரணங்களைக் கேட்டுவிட்டு ஆர்வத்தில் கையில் கிடைத்த கன்றைக் கரையில் நடுபவர்கள் அதிகம் என்பதால் சிலவற்றை எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டும். அலையாத்தி மரங்கள் கழிமுகச் சேற்றில் வளர்பவை, திறந்த மணற்கரையில் நட்டால் பட்டுப்போகும். அவை வளரும் இடங்கள் பெரும்பாலும் வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளவை, அவர்களோடு சேர்ந்தே பணி செய்ய வேண்டும். பனை விதைகளை ஆவணி, புரட்டாசியில், மழைக்கு முன்பே ஊன்றிவிட வேண்டும். எனவே டிசம்பரில் செய்யக்கூடியது, முன்பு நட்ட இடங்களுக்கு வேலி கட்டுவதும் பிழைக்காத இடங்களைக் குறித்து வைப்பதுமே. சவுக்கை அலை தொடும் இடம் வரை நட்டால் பங்குனி ஆமைகள் எனப்படும் கடலாமைகள் முட்டையிட இடமில்லாமல் போகும்.

கரையைச் சுத்தம் செய்வோர் மணல் மேடுகளையும் அவற்றின் மேல் படரும் அடம்புக் கொடியையும் ராவணன் மீசைப் புல்லையும் குப்பையென்று நினைத்து அகற்றிவிடக் கூடாது. மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவையே. கரையில் கிடக்கும் வலை எதையும் ஊராரைக் கேட்காமல் தொடாதீர்கள், கிழிந்ததாகத் தோன்றும் வலை ஒருவருடைய முதலீடாக இருக்கலாம். சேகரித்த குப்பையை எடுத்துச் செல்ல ஊராட்சியோடு முன்பே பேசி வைக்காவிட்டால், சாக்குமூட்டைகள் கரையிலேயே கிடந்து அடுத்த மழையில் கடலுக்குள் போய்விடும்.

மூன்றாவதாக, ஆவண உதவி. சுனாமி குடியிருப்புகளில் இருபது ஆண்டுகளுக்குள் பல வீடுகளின் உரிமையாளர்கள் இறந்துவிட்டார்கள். பட்டா பெயர் மாற்றம், வாரிசுச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை, குடும்ப அட்டைத் திருத்தம், மீனவர் நல வாரியப் பதிவு போன்றவற்றில் அலைந்து ஓய்ந்தவர்களை ஒவ்வொரு தெருவிலும் காணலாம். கணினி தெரிந்த ஐந்து பேரும் ஒரு வழக்கறிஞரும் மாதம் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் போதும். படம் எடுத்துக் காட்டும்படியான வேலை இது அல்ல என்பதாலோ என்னவோ, இதற்கு ஆள் வருவதில்லை. மரம் நட நூறு பேர் வரும் குழுக்களில் பத்துப் பேரையாவது இதற்குத் திருப்பிவிடுங்கள் என்று வேண்டிக்கேட்கிறேன்.

கடலிலிருந்து தொலைவில் இருப்பவர்களுக்கு இரத்த தானம் எளிய வழி. 18 முதல் 65 வயதுக்குள், குறைந்தது 45 கிலோ எடையுள்ள, உடல்நலம் உள்ளவர்கள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியில் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்க முடியும். முகாம் நடத்துவதாக இருந்தால், அந்த வாரத்தில் எவ்வளவு தேவை என்று இரத்த வங்கியைக் கேட்டுக்கொண்டு நாளை முடிவு செய்யுங்கள், சேமிக்கும் காலம் குறைவு என்பதால் அளவுக்கு மீறிச் சேர்ந்த இரத்தம் வீணாகும்.

நான்காம் படி: பணமும் பொருளும்

2005இன் தொடக்கத்தில் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழைய துணிகள் மலையாகக் கிடந்தன. நாடெங்குமிருந்து அன்போடு அனுப்பப்பட்டவை அவை. உழைத்துச் சம்பாதித்துத் தன்மானத்தோடு வாழ்ந்த மக்கள், பிறர் உடுத்திக் கழித்த துணியைத் தொட மறுத்தார்கள். அதைச் சுத்தம் செய்வதே நிர்வாகத்துக்குத் தனி வேலையாயிற்று. இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் நினைவு நாளில் துணி மூட்டைகளோடு வரும் குழுக்கள் இருக்கின்றன. ஊர் கேட்காத எந்தப் பொருளையும் கொண்டுபோகக் கூடாது, கேட்டதைப் புதிதாக, அந்த ஊர்க் கடையிலேயே வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பதைக் குழுவின் விதியாக எழுதி வையுங்கள்.

பணத்தை ஒரே வங்கிக் கணக்கில், இருவர் கையெழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களிடமிருந்தும் வெளிநாட்டு அமைப்புகளிடமிருந்தும் நன்கொடை பெறுவதற்கு, வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு வேண்டும். பதிவில்லாத குழுக்கள் அதைத் தொடவே கூடாது. செலவுக் கணக்கை ஊர்க் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.

ஐந்தாம் படி: நினைவு நாளன்று நடந்துகொள்ளும் முறை

அன்று நீங்கள் விருந்தாளிகள். ஊர்வலத்தின் பின்வரிசையில் நடங்கள். குழுவின் பெயர் பொறித்த பதாகையும் ஒரே நிறச் சட்டையும் வேண்டாம். குடிநீர் கொடுப்பது, வெயிலில் நிற்கும் முதியவர்களுக்கு நாற்காலி போடுவது, முதலுதவிப் பெட்டியோடு ஒருவரை நிறுத்துவது, போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவது, கூட்டம் கலைந்த பிறகு பூக்களுக்கு நடுவே கிடக்கும் நெகிழிப் பைகளைப் பொறுக்குவது ஆகியவை உங்கள் வேலை. கடலோரத்தில் மெழுகுவத்தி ஏற்றினால், மணலில் ஊற்றிய மெழுகை எடுத்துவிடுங்கள். ஆமைகள் கரையேறும் பருவம் தொடங்கும் நேரம் என்பதால் பெரிய விளக்குகளை இரவில் எரியவிட வேண்டாம்.

அழுகிறவர்களைப் படம் எடுக்காதீர்கள். “அன்றைக்கு என்ன நடந்தது” என்று யாரையும் கேட்காதீர்கள். அவர்களாகப் பேசினால் இடைமறிக்காமல் கேளுங்கள், ஆறுதல் மொழி எதையும் தேட வேண்டாம். பெற்றோரை இழந்த குழந்தைகளாக அன்று செய்தித்தாள்களில் வந்தவர்கள் இன்று தாய் தந்தையராக வாழ்கிறார்கள். அவர்களை அந்தப் பழைய படத்தோடு இணைத்துப் பேசுவதும், மேடையேற்றி அறிமுகம் செய்வதும் அவர்களின் உரிமையைப் பறிப்பதாகும். பெரியவர்கள் தங்கள் அனுபவத்தைப் பதிவு செய்ய விரும்பினால், அது வேறொரு நாளில், அவர்கள் வீட்டில், ஒப்புதலோடு நடக்கட்டும். பதிவின் ஒரு பிரதி அந்தக் குடும்பத்திடம் இருக்க வேண்டும்.

இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த அலையில் இறந்தார்கள். முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகள் பெரும் இழப்பைச் சந்தித்தன. அங்கே டிசம்பர் 26 தேசிய பாதுகாப்பு தினமாக அனுசரிக்கப்படுகிறது, காலை 9.25 மணிக்கு இரண்டு நிமிட மௌனம் கடைப்பிடிக்கப்படுகிறது. அங்குள்ள வாசகர்கள் கிராம உத்தியோகத்தர் வழியாகவும், 117 என்ற எண்ணில் இயங்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் வழியாகவும் இதே பணிகளைத் தொடங்கலாம்.

ஆறாம் படி: ஜனவரிக்குப் பிறகு

வரைபடம், தெருவாரிப் பொறுப்பாளர் பட்டியல், கணக்குப் புத்தகத்தின் நகல் ஆகியவற்றை ஜனவரி முடிவதற்குள் ஊர்ப் பஞ்சாயத்தாரிடமும் பள்ளியிலும் மகளிர் குழுவிடமும் ஒவ்வொரு பிரதியாக ஒப்படையுங்கள். நோயாளிகள், கர்ப்பிணிகள் பற்றிய குறிப்புகள் பட்டியலில் இருப்பதால் அதை இணையத்தில் ஏற்ற வேண்டாம். கோடையில் நீச்சல், ஆவணியில் பனை விதை, நவம்பரில் ஒத்திகை, மாதந்தோறும் ஆவண உதவி என்று ஊரோடு சேர்ந்து அடுத்த ஆண்டுக்கான நாட்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒருவர், குழுவில் ஒருவர் எனப் பொறுப்பைப் பகிருங்கள். தெருவாரிப் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒரு முறை திருத்த வேண்டும். பொறுப்பேற்றவர் திருமணமாகி வேறு ஊருக்குப் போயிருப்பார், படுக்கையில் இருந்தவர் இறந்திருப்பார், புதிதாக ஒரு வீட்டில் குழந்தை பிறந்திருக்கும். பழைய பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதியதை அதே மூன்று இடங்களிலும் வைத்துவிட்டு வாருங்கள்.